பத்தாம் நம்பர் ஊசியில் விழுந்த கார்டுகள்

திட்டிக்கொண்டே டிபன் பாக்ஸில் பாதியை என் பக்கம் தள்ளிவிடும் என் சீலிக்கு,

நாளை உனக்கு வருஷப் பூசை. ராயபுரம் கோயிலில் காலைப் பூசையில் உன் பெயரை வாசிப்பார்கள். நான் கடைசி பெஞ்சில் உட்காருவேன். எப்போது எழுந்து நிற்க வேண்டும், எப்போது முட்டி போட வேண்டும் என்பது எனக்கு இன்னும் பிடிபடவில்லை. நீ இருந்தால் முழங்கையால் இடிப்பாய். பூசைக்குப் போகிறவள் மனசைச் சுத்தமாக வைத்துக்கொள்ள வேண்டுமாம், உன் மாமியார் சொன்னார்கள். என்னால் ஆகவில்லை, சீலி. எனக்கு வயிறு எரிகிறது.

திங்கட்கிழமை அரசாணை வந்தது. நம் டிஸ்பென்சரிக்குப் புதுக் கார்டு வரப்போகிறது. வழவழப்பான மஞ்சள் அட்டை, சுற்றிலும் ஓட்டை கிடையாது. பெயர், வயது, டோக்கன் நம்பர், மருந்து, அவ்வளவுதான். எந்த ஷெட்டில் வேலை என்று கேட்கும் கட்டம் இல்லை. அதை எடுத்துவிட்டார்கள்.

இந்தக் கடிதத்தை உன்னைத் தவிர வேறு சிலரும் படிக்கப் போகிறார்கள். எங்கே, எப்படி என்று கடைசியில் சொல்கிறேன். அவர்களுக்காக, உனக்குத் தெரிந்ததையே சில இடங்களில் திரும்பச் சொல்வேன். கதை அளக்கிறாள் என்று சலித்துக்கொள்ளாதே.

திருவொற்றியூரில் தொழிலாளர் டிஸ்பென்சரி. அதில் மாடிப்படிக்குக் கீழே ஒரு ரெக்கார்டு ரூம். ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, எதிரும் புதிருமாக நீயும் நானும். எண்ணூர் வரைக்கும் உள்ள கம்பெனிக்காரர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் கார்டு நம்மிடம்தான் இருந்தது. ராயபுரத்திலிருந்து நீ வருகிற ரயில் என்றைக்கு நேரத்துக்கு வந்தது? வாரத்தில் மூன்று நாள் உன் வருகைப் பதிவேட்டில் நான்தான் கையெழுத்துப் போடுவேன். ஜெயசீலி என்று எழுதி, கடைசி எழுத்தை மேலே இழுத்து ஒரு சுழி. உன்னைவிட நான் நன்றாகப் போடுவேன் என்று நீயே சொல்லியிருக்கிறாய். இதை ஞாபகம் வைத்துக்கொள், பின்னால் வருகிறேன்.

மேலிடத்திலிருந்து ஓட்டைக் கார்டு வந்த நாள் நினைவிருக்கிறதா? கழுத்தில் டை கட்டிய ஒரு அதிகாரி வந்து நமக்கு விளக்கினார். கார்டின் நாலு ஓரத்திலும் வரிசையாக ஓட்டை. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஓர் அர்த்தம். இது நெஞ்சு நோய், இது வயிறு, இது இந்தக் கம்பெனி, இது இந்த ஷெட். ஒருவனுக்கு நெஞ்சு நோய் என்றால் அந்த ஓட்டையின் வெளிப்பக்கத்தை ரயில்வே டிக்கெட் வெட்டுகிற மாதிரி வெட்டிவிட வேண்டும். பிறகு கட்டாக அடுக்கி, அந்த ஓட்டையில் கம்பியை விட்டுத் தூக்கினால் வெட்டாத கார்டெல்லாம் கம்பியில் தொங்கும். வெட்டிய கார்டெல்லாம் மேஜைமேல் விழும். ஆயிரம் கார்டைப் புரட்ட வேண்டியதில்லை, ஒரு குலுக்கல் போதும்.

பின்னாளில் பட்டணத்தில் பெரிய மெஷின் வரும், இந்தக் கார்டையெல்லாம் அதுவே படித்துவிடும், எந்தத் தொழிற்சாலையில் என்ன நோய் என்று அரசாங்கம் உட்கார்ந்த இடத்தில் தெரிந்துகொள்ளும் என்றார் அந்த அதிகாரி. நாம் இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். டிஸ்பென்சரியில் மின்விசிறியே சுற்றாத காலம் அது.

கார்டு வந்தது, கம்பி வரவில்லை. எழுதிப் போட்டோம், நினைவூட்டுக் கடிதமும் எழுதினோம். நீதான் ஒருநாள் கைப்பையிலிருந்து பின்னல் ஊசியை எடுத்தாய். கான்வென்டில் கன்னியாஸ்திரிகள் உனக்குக் கற்றுக்கொடுத்த கம்பளிப் பின்னல், பத்தாம் நம்பர் ஊசி. ராயபுரத்துப் புழுக்கத்தில் கம்பளி பின்னிய ஒரே பெண் நீதான். ரோசி பிறந்தபோது அவளுக்கு ஸ்வெட்டர் பின்னினாய். எந்த மலைக்கு அனுப்பப் போகிறாய் குழந்தையை என்று கேட்டேன். "நீ கம்னு கெட, புள்ளைக்கு அம்மா கையால ஒண்ணு இருக்கட்டும்" என்றாய். அந்த ஊசி ஓட்டைக்குள் சரியாகப் போனது. அரசாங்கத்தின் நவீனத் திட்டம் அன்றுமுதல் உன் பின்னல் ஊசியில் ஓடியது.

மாதா மாதம் கணக்கு அனுப்ப வேண்டும், தொழிலாளர் கார்டுக்கு மட்டும். வீட்டாரின் கார்டு தனி இழுப்பறையில் இருந்தது. அதற்குக் கணக்கும் கேட்கவில்லை, ஷெட் ஓட்டை வெட்டவும் சொல்லவில்லை. ஆனால் நீ வெட்டினாய். புருஷன் எந்த ஷெட்டோ அதே ஓட்டையை மனைவி கார்டிலும் பிள்ளை கார்டிலும் வெட்டினாய். எதற்கடி வெட்டி வேலை என்று கேட்டேன். "ஒரே வூடு, ஒரே சோறு. கார்டு மட்டும் இன்னாத்துக்குத் தனியா?" என்றாய். உனக்கு வேறு வேலை இல்லை என்று கேலி செய்தேன். அந்தக் கேலியை நினைத்தால் இப்போது நாக்கைக் கடித்துக்கொள்ளத் தோன்றுகிறது.

பிறகு அந்த மாதம். நெஞ்சு ஓட்டையில் ஊசியை விட்டுக் குலுக்கினாய், விழுந்ததை அடுக்கினாய். அடுக்கியதை ஷெட் ஓட்டைகளில் ஒவ்வொன்றாகச் சோதித்தாய். மற்ற ஷெட்டுகளில் இரண்டு, மூன்று என்று விழுந்தன. மூட்டை பிரிக்கிற ஷெட் என்று ஒன்று, வெள்ளைத் தூசு பறக்கிற இடம், அதற்கு ஊசியை விட்டதும் கார்டு மேஜைமேல் குவிந்தது. ஒரு கைக்கு அடங்கவில்லை. நீ சிரிக்கவில்லை. உன் புருஷன் அருள் அந்த ஷெட்டில்தான் வேலை பார்த்தான்.

அடுத்த நிமிஷமே அந்தக் கட்டைத் தூக்கிக்கொண்டு பெரிய டாக்டரின் அறைக்குப் போனாய். பயந்துகொண்டே நான் பின்னால் வந்தேன். அவர் கெட்டவர் இல்லை, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கார்டுகளைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இதை வச்சு எதுவும் சொல்ல முடியாதும்மா. பீடி குடிக்கிறவங்க, குடிசையில இருக்கிறவங்க. காரணம் ஆயிரம் இருக்கும்."

"காரணம் நான் சொல்லல டாக்டர். அந்த ஷெட்டாளுங்க எல்லாருக்கும் ஒருவாட்டி எக்ஸ்ரே எடுக்கச் சொல்லி எழுதுங்க. அவ்ளோதான் கேக்கறேன்."

"கம்பெனி டாக்டர் என்கூடப் படிச்சவர். அவரைத் தாண்டி நான் எப்படி எழுதறது?"

நீ வெளியே வந்து, மாதக் கணக்கில் அந்த ஷெட்டின் எண்ணிக்கைக்கு அடியில் சிவப்பு மையால் கோடு போட்டு மேலிடத்துக்கு அனுப்பினாய். கார்டு காரணத்தைச் சொல்லாது, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லும் என்றாய் என்னிடம். அவ்வளவு தெளிவாக அதற்குப் பிறகு யாரும் எனக்கு எதையும் சொன்னதில்லை.

அந்தச் சிவப்புக் கோடு மேலிடத்தில் யாரோ ஒருவர் கண்ணில் பட்டிருக்கிறது. கம்பெனிக்குக் கேள்வி போயிருக்கிறது. கம்பெனி பதில் எழுதியதா என்று எனக்குத் தெரியாது. பதில் எழுதியது டாக்டர்கள் சங்கம்.

அந்த மனுவின் நகலை இந்த வாரம்தான் முழுசாகப் பார்த்தேன். அரசாணையோடு இணைத்து அனுப்பியிருந்தார்கள். இங்கிலீஷில் மூன்று பக்கம். ஒரு வார்த்தை கோபமாக இல்லை. நோயாளியின் அந்தரங்கம் புனிதமானது, நோயும் வேலை செய்யும் இடமும் ஒரே அட்டையில் இருந்தால் குமாஸ்தாக்களின் கண்ணில் படும், அது மருத்துவ தர்மத்துக்கு விரோதம், ஆகவே அந்தக் கட்டத்தை நீக்க வேண்டும். படித்தால் கண்ணில் தண்ணீர் வரும், அவ்வளவு அழகாக எழுதியிருந்தார்கள்.

அந்தரங்கமாம். நம் டிஸ்பென்சரி ஜன்னலில் கம்பவுண்டர் எப்படிக் கூப்பிடுவார்? "டி.பி. கேஸெல்லாம் இப்படி வா, மூலம் அப்படி நில்லு." வரிசையே திரும்பிப் பார்க்கும். மூலம் என்று கூப்பிட்ட ஆள் தலையைக் குனிந்துகொண்டு நடப்பான். அப்போதெல்லாம் இந்தச் சங்கத்துக்கு அந்தரங்கம் ஞாபகம் வந்ததா? ஒரு ஷெட்டின் பெயர் வெளியே வரப்போகிறது என்றதும் வந்தது. யாருடைய அந்தரங்கத்தை இவர்கள் காப்பாற்றினார்கள்?

சங்கத்தின் பொறுப்பில் இருந்தவர்களில் பாதிப்பேர் கம்பெனிகளின் டாக்டர்கள். லஞ்சம் கிஞ்சம் ஒன்றும் நடக்கவில்லை. நடந்திருந்தால் எனக்கு இவ்வளவு ஆத்திரம் வந்திருக்காது. கோட்டைக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துவிட்டு, எங்கள் தொழிலின் கருத்து இது என்று ஒரு காகிதத்தைக் கொடுத்தார்கள். தொழிலின் கருத்து என்றால் அரசாங்கத்துக்கு வேறு விசாரணை வேண்டியதில்லை.

இருந்தாலும் மேலிடம் ஒரு சம்பிரதாயம் செய்தது. புதுக் கார்டுத் திட்டம் பற்றி அங்கீகரிக்கப்பட்ட சங்கங்கள் எல்லாம் கருத்துச் சொல்லலாம் என்று சுற்றறிக்கை விட்டது. மூட்டை ஷெட்டில் இருமிக்கொண்டிருந்தவனுக்குச் சுற்றறிக்கை போகவில்லை. நம் குமாஸ்தாக்கள் சங்கத்துக்கு வந்தது.

இனிமேல் நான் சொல்லப்போவது உனக்குத் தெரியாது.

நீ அப்போது லீவில் இருந்தாய். முதல் இருமல் அது. வெறும் சளி என்று நினைத்தோம். நம் சங்கச் செயலாளர் தங்கராஜ் சாருக்கு அந்த மெஷின்மேல்தான் பயம். தெற்கேயிருந்து பிழைக்க வந்து, படிப்படியாக மேலே வந்தவர், ஒருத்தன் வேலை போவதையும் பொறுக்க மாட்டார். கேட்டில் கூட்டம் போட்டார். ஆளைத் தின்னும் மெஷினே திரும்பிப் போ என்று கோஷம். நான்தான் முன்வரிசை, தொண்டை கட்டும்வரை கத்தினேன். எனக்கும் பயம்தான், சீலி. என் சம்பளத்தை நம்பி எங்கள் வீட்டில் நாலு வாய். அந்தப் பயத்தை நான் இன்றைக்கும் தப்பென்று சொல்லமாட்டேன்.

மறுநாள் தங்கராஜ் சார் மனுவோடு ரெக்கார்டு ரூமுக்கு வந்தார். மெஷின் வேண்டாம் என்பதோடு இன்னொரு கோரிக்கையும் அதில் இருந்தது. கார்டில் ஷெட் கட்டம் பணியாளர்களுக்கு அதிக வேலைச்சுமை தருவதால் அதை நீக்க வேண்டும்.

"இது எதுக்கு சார்? ஷெட் ஓட்டை வெட்டறதுல நமக்கு ஒரு கஷ்டமும் இல்லையே" என்றேன்.

"டாக்டர்மாரு சங்கத்துல கூப்பிட்டுப் பேசுனாவ, தாயி. இதை நாம கேட்டோம்னா, மெஷின் விஷயத்துல அவங்க நம்ம பக்கம் நிப்பாங்களாம்." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "உக்காருங்க மிஸ்டர் தங்கராஜ்னு நாற்காலியக் காட்டுனாவ. பீங்கான் கப்புல காபி. இருவது வருஷ சர்வீஸ்ல ஒரு டாக்டர் என்னைய உக்காரச் சொன்னது அன்னைக்குத்தான்."

அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபின் எனக்கு வாய் எழவில்லை. நாமெல்லாம் டாக்டர் அறையில் நின்றுகொண்டே கால் வலித்தவர்கள்தானே. ஒரு நாற்காலிக்கு நம் சங்கம் அந்தக் கட்டத்தை விட்டுக்கொடுத்தது. இதைச் சொல்லும்போது தங்கராஜ் சார்மேல் எனக்கு வருகிற கோபத்தைவிட, அந்த மனுஷனை இருபது வருஷம் நிற்கவைத்தவர்கள்மேல் வருகிற கோபம் பெரிது.

நான் கையெழுத்துப் போட்டேன்.

"சீலியம்மா லீவா? ஒருத்தர் விடாமப் போட்டிருக்கணும்லா. ஒருமனதான்னு எழுதியிருக்கேன்" என்றார்.

நான் யோசிக்கவே இல்லை. ரயில் தாமதமான நாளில் வருகைப் பதிவேட்டை இழுத்துப் போடுகிற மாதிரி அந்தத் தாளை இழுத்தேன். ஜெயசீலி என்று எழுதி, கடைசி எழுத்தை மேலே இழுத்து ஒரு சுழி போட்டேன். பேனா மூடியைத் திருகும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. தாள் அவர் கைக்குப் போய்விட்டது. திருப்பிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. கூச்சம், சீலி. அதற்கு வேறு பெயர் இல்லை.

நீ திரும்பி வந்ததும் கேட்டாய். "இன்னாடி, சங்கத்துல எதுனா மனுவாமே. நீ போட்டியா?"

"எல்லாரும் போட்டாங்க."

"ஷெட் ஓட்டைய எடுக்கச் சொல்லிகீறாங்களாம். மெஷின் வேணாம்னு சொல்லட்டும், அது அவுங்க பேஜாரு. இத்த எதுக்குடி எடுக்கணும்? நான் கீறச்சே அந்த மனு வந்திருந்தா கிழிச்சிருப்பேன்."

நான் லெட்ஜரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நீ லீவில் இருந்தாய் என்று மட்டும் சொன்னேன். அந்த மனுவில் உன் பெயர் இருந்தது. அதைச் சொல்ல எனக்கு ஒரு வருஷத்துக்கு மேல் நேரம் இருந்தது. நீ இருமிக்கொண்டே என் எதிரில் உட்கார்ந்திருந்தாய். நான் சொல்லவில்லை.

இருமல் நிற்கவில்லை. டி.பி. என்றார்கள். சளியில் ஒன்றும் இல்லை என்று சோதனை முடிவு வந்தது. அப்படியும் டி.பி. ஊசிதான் போட்டார்கள். மாடிப்படி ஏற முடியாமல் போய், பிறகு ரயிலேற முடியாமல் போய், கடைசியில் படுக்கையில் புரண்டு படுக்கவும் மூச்சு வாங்கியது. பேசக்கூட ஆகாமல் கையை அசைத்து என் டிபன் பாக்ஸைக் காட்டி, சாப்பிடு என்பாய். உனக்கு டி.பி. வந்த வழி யாருக்கும் புரியவில்லை. உன் கார்டில் நெஞ்சு ஓட்டையை வெட்டியது நான்தான். வெட்டிவிட்டு வீட்டார் இழுப்பறையில் வைத்தேன். அங்கேயே இருந்தது.

இப்போது இந்த வாரத்துச் சேதி.

பழைய கார்டையெல்லாம் சாக்கில் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும் என்று உத்தரவு. செவ்வாய்க்கிழமை முழுக்கக் கட்டிக்கொண்டிருந்தேன். தொழிலாளர் கார்டு முடிந்து வீட்டார் இழுப்பறையைத் திறந்தேன். உன் ஊசி அதில்தான் கிடந்தது. எதற்காகச் செய்தேன் என்று தெரியவில்லை, உன் கை பட்ட ஊசியை ஒருதரம் பிடிக்க வேண்டும் என்று இருந்ததோ என்னவோ. வீட்டார் கார்டை அடுக்கி நெஞ்சு ஓட்டையில் விட்டுக் குலுக்கினேன். விழுந்ததை அடுக்கி மூட்டை ஷெட் ஓட்டையில் விட்டுக் குலுக்கினேன்.

உன் கார்டு விழுந்தது.

அதோடு வேறு கார்டும் விழுந்தது. எல்லாம் பெண்கள். அந்த ஷெட்டுக்காரர்களின் மனைவிமார், ஒருவனுடைய அம்மா. ஷெட் வாசலைக்கூட மிதிக்காதவர்கள். மேஜைமேல் உன் பெயர் மேலாகக் கிடந்தது, உன் கையெழுத்திலேயே. ஒருவருக்கும் தேவைப்படாத அந்த ஓட்டையை நீ வெட்டி வைத்திருக்காவிட்டால் இது யாருக்கும் தெரிந்திருக்காது.

புதன்கிழமை அரைநாள் லீவு போட்டு உன் வீட்டுக்குப் போனேன். அருளுக்கு ராத்திரி ஷிஃப்ட் என்பதால் பகலில் இருப்பான் என்று தெரியும். முற்றத்தில் ரோசி. வயது ஒன்பது, அப்படியே உன் முகவெட்டு. அப்பாவின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். மாவு சலித்த மாதிரி வெள்ளையாகப் பறந்தது. வெயிலில் அது மினுமினுத்தது.

"இன்னாடி பண்ற?"

"தொவைக்கறேன் பெரிம்மா. உதறிட்டுதான் நனைக்கணும், இல்லாங்காட்டி தூசெல்லாம் சேறாப் பூடும்னு அம்மா சொல்லிச்சி."

சட்டையைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அமுக்கினேன். குழந்தை பயந்து என்னைப் பார்த்தது. அவளை உள்ளே போகச் சொல்லிவிட்டு அருளை எழுப்பினேன். கார்டுகளைப் பாயில் பரப்பிக் காட்டினேன். அவனுக்குப் புரியச் சிறிது நேரம் ஆனது.

"கம்பெனில தொவைக்க எடம் ஏது கஸ்தூரி? போட்டுகினு போன சட்டையோடதான் வரணும்" என்றான். பிறகு உன் கார்டைக் கையில் எடுத்தான். "அப்போ நான்தான் அவளுக்கு எடுத்தாந்து குடுத்தேன்ற."

"நீ சட்டைதான் எடுத்தாந்தே, அருளு. அதுல இன்னா கீதுன்னு உனக்கு எவன் சொன்னான்?"

அவன் மற்ற கார்டுகளையும் ஒவ்வொன்றாகப் புரட்டினான். "இது கார்டுலயே இருந்துச்சா? முன்னாடியே இருந்துச்சா? அப்போ யாரும் இன்னாத்துக்குப் பாக்கல?" என்றான்.

என்னிடம் பதில் இருந்தது. சட்டையை இனிமேல் உதறக்கூடாது, வாசலிலேயே கழற்றி நேரே தண்ணீரில் போட வேண்டும், ரோசி அதைத் தொடவே கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். கோழை மாதிரி வந்தேன்.

அரசாணையின் முதல் பத்தியை மனப்பாடமாகச் சொல்லுவேன். மருத்துவர் சங்கமும் பணியாளர் சங்கமும் ஒருமனதாகக் கேட்டுக்கொண்டதற்கு இணங்க. அதுவரை ஒரே மேஜையில் உட்காராத இரண்டு சங்கங்கள் ஒருமனதாகக் கேட்டது இந்த ஒன்றைத்தான். மெஷினையும் கைவிட்டுவிட்டார்கள் என்று நம் ஆட்கள் லட்டு கொடுத்தார்கள். என் பங்கு லட்டு மேஜையில் எறும்பு மொய்க்கக் கிடந்தது. மெஷின் வரட்டும், வராமல் போகட்டும், சீலி. ஒரு பின்னல் ஊசிக்கே இவர்கள் இவ்வளவு பயந்தார்களே.

சங்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சங்கம் இல்லாவிட்டால் நம்மை எப்போதோ காலில் போட்டு மிதித்திருப்பார்கள். ஆனால் அரசாங்கம் யாரைக் கேட்கிறதோ அவர்கள் சொல்வதுதான் சட்டம் என்றால், கேட்கப்படுகிறவர்களுக்குக் கொஞ்சமாவது பொறுப்பு வேண்டாமா? நம்மைக் கேட்டார்கள். நாம் நம்மைப் பற்றி மட்டும் பேசினோம். டாக்டர்களும் அதைத்தான் செய்தார்கள். அவர்களைத் திட்ட எனக்கு இருக்கிற யோக்கியதை பாதிதான், அதனால் மீதிப் பாதியைச் சம்பாதிக்கப் போகிறேன்.

மூட்டை ஷெட் கார்டுகளை நான் சாக்கில் போடவில்லை. தொழிலாளர் கார்டும் வீட்டார் கார்டும் என் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கின்றன. நேற்று மேலிடத்துக்கு ஒரு கடிதம் எழுதி, பெரிய டாக்டர் மேஜையில் வைத்தேன். இரண்டு விஷயம்தான் எழுதினேன். அந்த ஷெட்டு ஆட்களுக்கும் அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பணியாளர் சங்கத்தின் மனு ஒருமனதானது அல்ல, அதில் ஜெயசீலி என்று இருக்கும் கையெழுத்து ஜெயசீலியுடையது அல்ல, அதைப் போட்டது நான். பெரிய டாக்டர் இரண்டுதரம் படித்தார்.

"இரண்டாவது விஷயத்தை எடுத்துடும்மா. உன் வேலைக்கே ஆபத்து."

"அது இல்லாட்டி முதல் விஷயத்தை யாரு படிப்பாங்க டாக்டர்?" என்றேன்.

அவர் பேனாவைக் கையில் உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு, உட்காரும்மா என்றார். நான் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில், அனுப்பப்படுகிறது என்று எழுதித் தன் கையெழுத்தைப் போட்டார். கண்ணாடியைத் துடைக்கவில்லை.

இந்தக் கடிதத்தின் இன்னொரு பிரதியை நாளை, உன் பூசை முடிந்ததும், நம் சங்கத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டப் போகிறேன். ஆளைத் தின்னாமல் திரும்பிப் போன மெஷினுக்கு நன்றி என்று தங்கராஜ் சார் அச்சடித்த நோட்டீஸ் அங்கே இருக்கிறது. அதன்மேலேயே ஒட்டுவேன். ஒட்டுவதற்கு முன்னால் அருளுக்குப் படித்துக் காட்டுவேன். அவன் என்னை வீட்டுக்கு வராதே என்று சொல்லலாம். சொன்னாலும் வாசலில் நின்று சட்டையைத் தண்ணீரில் போடுகிறார்களா என்று பார்த்துவிட்டுத்தான் போவேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க எனக்கு மனசு வரவில்லை. உன்னிடம் கேட்பது சுலபம், நீ உடனே சரி என்றுவிடுவாய். அதனால் கேட்கவில்லை. ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். புது மஞ்சள் கார்டு வந்ததும் முதலில் ரோசியின் கார்டை எழுதுவேன். பெயர், வயது, டோக்கன் நம்பர் எழுதிவிட்டு, கட்டமே இல்லாத அந்த ஓரத்தில் அவள் அப்பா எந்த ஷெட் என்று சிவப்பு மையால் எழுதுவேன். அடுத்து வருகிற ஒவ்வொரு கார்டிலும் எழுதுவேன். எழுதியது யார் என்று கேட்டால், பக்கத்திலேயே என் பெயர் இருக்கும். நாற்காலி இருக்கும்வரை இது நடக்கும். நாற்காலி போனால், எனக்குப் பதிலாக வருகிறவளிடம் ஊசியைக் கொடுத்துவிட்டுத்தான் படியிறங்குவேன்.

இனி உன் பெயரை நான் எங்கேயும் எழுதமாட்டேன், சீலி. கீழே இருப்பது என் கையெழுத்து மட்டும்.

இப்படிக்கு,
உன் ரோசிக்குப் பெரியம்மா,
கஸ்தூரி